ஆற்று மணலும் ஊராரும்

மணலுக்குத் தமிழில் ஒரே பெயர் இல்லை. நுண்மணலுக்கு அயிர் என்று பெயர். நீர் ஓடி வடிந்தபின் வரிவரியாகப் படிந்து கிடக்கும் கருமணல் அறல். அலை கொண்டுவந்து மேடாகக் குவித்தது எக்கர். ஆற்றின் நடுவே திட்டாக நின்றுவிட்டால் அது துருத்தி. திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயரில் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. இத்தனை பெயர் வைத்த சமூகம் மணலைக் கூர்ந்து பார்த்த சமூகமாகத்தான் இருக்க வேண்டும். இன்றைக்கோ வியாபாரத்தில் அதற்கு ஒரே அளவுதான். இங்கே மும்பையில் ‘பிராஸ்’ என்பார்கள், நம் ஊர்ப்பக்கம் ‘யூனிட்’ என்பார்கள். இரண்டும் ஒன்றே, 100 கன அடி.

அடியேன் சிமெண்டு, கம்பி விற்றுப் பிழைப்பவன், பிறந்தது செய்யாற்றங்கரை. ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி இரண்டு கரையிலிருந்தும் கொஞ்சம் தெரியும். மணல் குவாரி வேண்டாம் என்று ஒரு கிராமம் லாரியை மறித்தால், நகரத்தில் இருப்பவர்கள், அதிலும் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: “ஆத்துல தண்ணியே இல்லையே சார், மணல் இருந்தா என்ன, போனா என்ன?” கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் ஊரார் மறிப்பதற்குக் காரணமே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணல் என்பது கல் துகள் மட்டுமல்ல, துகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடமும் சேர்ந்ததுதான். ஆற்று மணலின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். வெள்ளம் வரும்போது அது நீரால் நிரம்புகிறது. நிரம்பியதில் ஒரு பகுதியைத் துகள் பற்றிக்கொள்ளும், மீதி கிணற்றுக்கும் ஊற்றுக்கும் வந்துசேரும். நாலில் ஒரு பங்கு கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு யூனிட் மணல் 2,832 லிட்டர் இடம் அடைக்கும். அதில் 700 லிட்டர் நீர். மூன்று யூனிட் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போகிறது என்றால், 2,100 லிட்டர் பிடிக்கிற தொட்டி ஒன்று ஊரை விட்டுப் போகிறது என்று பொருள். கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அப்படியானால் 38 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். அதுவும் ஒருமுறை அல்ல. அந்த மணல் அங்கேயே கிடந்தால் ஆற்றில் நீர் வரும்போதெல்லாம் நிரம்பும்.

இன்னொன்றும் உண்டு. ஏரியில் நிற்கும் நீர் வெயிலில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மணலுக்கு அடியில், மூன்று நாலு அடிக்குக் கீழே இருக்கும் நீரை வெயில் அவ்வளவாகத் தொடுவதில்லை. மூடி போட்ட பானை மாதிரி. சித்திரை வெயிலில் மேலே காலை வைக்க முடியாமல் சுடும். முழங்கை ஆழம் கையால் தோண்டினால் குளிர்ந்த நீர் ஊறும். இதை நாங்கள் சிறுவயதில் தினமும் செய்திருக்கிறோம். நல்வழி பாடிய ஔவையார், வெள்ளம் வற்றிய ஆறும் ஊற்றினால் உலகை ஊட்டும் என்ற செய்தியை வைத்திருப்பதும், வள்ளுவர் கல்விக்கு மணற்கேணியை உவமை ஆக்கியதும் கண்ணால் கண்டதைத்தான். தோண்டத் தோண்ட ஊறும் என்று அவர் சொன்னது கையால் தோண்டுகிற கேணியை. பொக்லைன் தோண்டுகிற பள்ளத்துக்கு அந்த உவமை பொருந்தாது. அங்கே கேணியோடு சேர்ந்து மணலும் போய்விடுகிறது.

பாலாறு, செய்யாறு பாயும் நாட்டில் வேளாண்மை நடந்ததே இந்த மணல் நீரை நம்பித்தான். ஊற்றுக்கால் என்று ஒன்று வெட்டுவார்கள். ஆற்று மணலில் சாய்வாக நீண்ட வாய்க்கால் எடுத்தால் மணலிலிருந்து கசியும் நீர் அதில் சேர்ந்து, தானாகவே நடந்து வயலுக்குப் போகும். ஏற்றமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். காரைக்கால் அருகே 1879இல் கிடைத்த காசக்குடிச் செப்பேடு, இரண்டாம் நந்திவர்மன் தன் 22ஆம் ஆட்சியாண்டில் ஓர் ஊரைத் தானம் செய்ததைச் சொல்கிறது. அதில் நிலத்தோடு சேர்த்துக் கொடுக்கும் உரிமைகளில் செய்யாற்றிலிருந்தும் வெஃகாவிலிருந்தும் (அதாவது வேகவதி) திரையன் ஏரியிலிருந்தும் கால்வாய் தோண்டி நீர் கொண்டுவரும் உரிமையும் ஒன்று. எட்டாம் நூற்றாண்டில் ஆற்றில் தோண்டும் உரிமை என்றால் நீருக்காகத் தோண்டும் உரிமைதான். அந்த உரிமை ஊருக்கு இருந்தது.

ஊற்றுக்காலுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆற்றின் தரை மட்டம் உயரமாக இருந்தால்தான் நீர் நடக்கும். படுகை பத்தடி இறங்கிவிட்டால் கால்வாயின் வாய் அந்தரத்தில் தொங்கும். ஏரிக்குப் போகும் ஆற்றுக்காலுக்கும் இதே கதி. ஆற்றில் நீர் போவதைக் கரையில் நின்று பார்க்கலாம், ஏரிக்குள் அது ஏறாது. கரையோரக் கிணறுகளிலோ நீர்மட்டம் படுகையோடு சேர்ந்து இறங்கும். முதலில் வற்றுவது சிறு விவசாயியின் திறந்த கிணறு. வசதியுள்ளவர் போர் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவார். அதனால்தான் எதிர்ப்பு எப்போதும் கிணற்றுக்காரரிடமும், குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பெண்களிடமும் தொடங்குகிறது.

“அடுத்த வெள்ளத்தில் மணல் வந்து சேர்ந்துவிடும்” என்று குத்தகைக்காரர் தரப்பில் சொல்வார்கள். வரும்தான். ஆனால் மலையிலிருந்து பாறை உடைந்து, உருண்டு, தேய்ந்து மணலாகி வருவதற்கு ஆகும் காலம் வேறு, இயந்திரம் அள்ளும் வேகம் வேறு. நடுவில் அணைகள் வேறு வண்டலையும் மணலையும் பிடித்து நிறுத்திவிடுகின்றன. பாலாறு போன்ற ஆற்றில் 2021 நவம்பரில் வந்தது போன்ற பெருவெள்ளம் ஆண்டுதோறும் வருவதும் இல்லை.

ஊர் முழுவதும் ஒரே குரலில் எதிர்க்கிறது என்று எழுதினால் அது பொய்யாகும். மாட்டுவண்டியில் மணல் அடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. டிராக்டர் கடனுக்கு வாங்கியவர் உண்டு. கோயில் திருவிழாவுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் குவாரிக்காரர் கொடுக்கும் நன்கொடையை ஊர்ப் பணமாக வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பவர்களும் உண்டு. அண்ணன் லாரியை மறிக்க, தம்பி அதே லாரியில் லோடு ஏற்றுவான். என் பார்வையில் மாட்டுவண்டிக்காரரையும் டிப்பர் முதலாளியையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். மண்வெட்டி கொண்டு அள்ளியவரை ஆறு பல நூற்றாண்டு தாங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2003 அக்டோபர் 2ஆம் தேதி முதல் ஆற்று மணல் குவாரிகளை அரசே நடத்தும் என்று விதி 38-ஏ வந்தது. அதற்கு முன் தனியார் குத்தகை. அரசு எடுத்தால் ஒழுங்கு வரும் என்று பலரும் நம்பினார்கள். பாலம், குடிநீர்க் கிணறு இவற்றுக்கு 500 மீட்டருக்குள் அள்ளக்கூடாது என்று விதி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் மூன்று மீட்டருக்குமேல் ஆழம் கூடாது என்கின்றன. விதிக்குக் குறைவில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் உடைந்துபோனபோது, கொள்ளிடத்தில் மணல் அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். அரசு அதை மறுத்தது. 1836இல் கட்டிய அணை, வயது ஆகிவிட்டது என்பது அரசின் வாதம்.

எதிர்ப்பு பலன் தந்ததற்கு நான் எடுத்துக்காட்டுவது தாமிரபரணியை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் அந்த ஆறு முழுவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுவது. பக்கத்து மாநிலத்தைக் குறை சொல்ல வழியில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவரான இரா. நல்லகண்ணு, மணல் கொள்ளைக்கு எதிராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். தாமே நின்று வாதாடினார். அப்போது அவருக்கு 85 வயது. 2010 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: தாமிரபரணியில் ஐந்தாண்டு மணல் அள்ளத் தடை. அரசியலில் எனக்கும் அவருக்கும் ஒத்துவராத விஷயங்கள் நிறைய. ஆனாலும் அந்த வயதில் கோர்ட்டு படி ஏறி நின்ற அந்த மனிதரை வணங்கத்தான் தோன்றுகிறது.

தீர்ப்பினால் திருட்டு நின்றுவிடவில்லை. 2023 ஏப்ரல் 25 அன்று, தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர், மணல் கடத்தல் பற்றிப் போலீசில் புகார் கொடுத்ததற்காகத் தம் அலுவலகத்திலேயே வெட்டப்பட்டு இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நாம் ‘கிராமத்து எதிர்ப்பு’ என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். பகலில் நாற்காலியில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்தவருக்கே இந்தக் கதி என்றால், இரவில் ஆற்றங்கரையில் டிராக்டரை மறிக்கிற சாதாரண விவசாயியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நம் மும்பையிலும் கதை உண்டு. ‘ரேதி பந்தர்’ என்று மும்ப்ராவிலும் மாஹிமிலும் இடப்பெயர் கேட்டிருப்பீர்கள். ரேதி என்றால் மணல், பந்தர் என்றால் படகுத்துறை. கழிமுகங்களில் அள்ளிய மணலைப் படகில் கொண்டுவந்து இறக்கிய துறைகள் அவை. அலிபாக் அருகே கிஹிம் கடற்கரையில் 2004இல் மணல் அள்ளுவதைத் தடுக்கப்போன சுமைரா அப்துலாலி என்ற அம்மையார் தாக்கப்பட்டார். அவர் சும்மா விடவில்லை. தம் ஆவாஸ் அமைப்பின் மூலம் வழக்குத் தொடுத்தார். 2010 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் மணல் எடுப்பதை நிறுத்தி வைத்தது. அந்தச் சமயம் மணலுக்குத் தட்டுப்பாடு வந்து, எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் அந்த அம்மாளைத் திட்டினார்கள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்றது. பெரிய குவாரியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குக் காட்டும் வித்தைக்கு அது கடிவாளம்.

கேரளத்தார் 2001இல் இயற்றிய ஆற்றங்கரைப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ஒவ்வொரு கடவுக்கும் ஒரு குழு, அதில் உள்ளாட்சிக்கு இடம். பாரதப்புழையை அதனால் காப்பாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் ஊர் ஆற்றில் எவ்வளவு எடுக்கலாம் என்ற பேச்சில் ஊராருக்கு நாற்காலி இருக்கிறது. நம் பக்கம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டு வெளியே நிற்பதோடு சரி.

சமண நூல்கள் மண்ணையே ஓர் உயிர் வகையாகக் கொள்கின்றன. மூலாசாரம் எண்ணும் 36 வகை மண்ணில் மணலும் ஒன்று. பயனின்றி நிலத்தை அகழ்வதும் நீரை வீணாக்குவதும் தீவினை என்று சமந்தபத்திரர் இல்லறத்தாருக்கு விதித்தார். வீடு கட்டுவது பயனில்லாத காரியம் அல்லதான். ஆனால் உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறதே, அத்தனையும் பயனுக்குத்தானா என்று கேட்கலாம்.

இப்போது எல்லோரும் எம்.சாண்ட் என்கிறார்கள். ஐ.எஸ். 383 என்ற தர நிர்ணயத்தின் 2016 பதிப்பு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நன்றாகக் கழுவி, சலித்த சரக்கு என்றால் கான்கிரீட்டுக்குக் குறை இல்லை, நான் விற்பவன் என்பதால் சொல்லவில்லை. ஆனால் அதுவும் வானத்திலிருந்து விழவில்லை, மலையை உடைத்துத்தான் வருகிறது. ஆற்றங்கரைக்காரரின் கவலை இனி குன்றின் அடிவாரத்துக்காரருக்குப் போகும். மதுரை அருகே அரிட்டாபட்டியில் பழைய தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பமும் உள்ள குன்றுகளைச் சேர்த்து 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டபோது, சுற்றுவட்டாரக் கிராம சபைகள் தீர்மானம் போட்டு எதிர்த்தன. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

ஊரில் வீடு கட்டும் சங்க அன்பர்கள், மணல் லோடு வந்தால் நடைச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தேதியும் வண்டி எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வாக்காளர் பட்டியலில் ஊரில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மே மாதக் கூட்டம் நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் வருகிறது.