முலாமா? வண்ணமா?

(‘உருமாறும் ரோபோ பொம்மைக்குப் பெருமை சேர்ப்பது குரோம் முலாமே! வண்ணப் பூச்சே!’ என்ற பட்டிமன்றத்தில், ‘வண்ணப் பூச்சே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே! எதிரே பளபளவென்று வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! நான் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்திருக்கிற தமிழ் வாத்தியார்.

“தமிழ் படிச்ச மனுஷருக்கு பிளாஸ்டிக் பொம்மையில என்ன வேலை?” என்று எதிரணித் தம்பி கேட்டார். வேலை இருக்கு தம்பி! பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கியம் நம்மிடம் இருக்கிறது. அதில் பத்துப் பருவம். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம் எது? சிறுதேர்ப் பருவம். பிள்ளை பொம்மைத் தேரை உருட்டி விளையாடுகிற பருவம். முருகப் பெருமானையே பாட வந்தாலும், அவர் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துத்தான் நம்ம புலவர்கள் நூலை முடிக்கிறார்கள். அந்தப் பரம்பரையில் வந்தவன் பொம்மையைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது? (கைதட்டல்)

முதலில் தாய்மார்களுக்காக ஒரு விளக்கம். உருமாறும் ரோபோ என்றால் என்ன? பார்த்தால் லாரி. கையை இழுத்து, காலை நிமிர்த்தி, தலையை வெளியே எடுத்தால் ரோபோவாக எழுந்து நிற்கும். ஜப்பானில் டகாரா என்ற நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் ‘டயாக்ளோன்’ என்ற வரிசையில் இப்படிப்பட்ட பொம்மைகளை விற்றது. 1984-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அவற்றை வாங்கி ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்று பெயர் சூட்டியது. 2007-ல் அது சினிமாவாகவும் வந்தது. அன்றைக்கு விளையாடிய பிள்ளைகள் இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டியும் அதே பொம்மையைத் தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள்.

உருமாறுவது என்ன பெரிய அதிசயமா? மாமனார் வீட்டுக்குப் போனா ஒரு உருவம், சொந்த வீட்டுக்கு வந்தா ஒரு உருவம். மாப்பிள்ளைங்க நாம காலங்காலமா உருமாறிக்கிட்டுத்தானே இருக்கோம்! (சிரிப்பு)

எதிரணி அம்மையார் அழகாகச் சொன்னார்: “ரோபோன்னா உலோகம். உலோகம்னா மின்னணும். லாரிக்கு பம்பரும் புகைக்குழாயும் மின்னலேன்னா அது லாரியா?” நல்ல கேள்வி. கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்போது அந்தப் பளபளப்புக்கு ஈடில்லை. நான் மறுக்கவில்லை. ஆனால் பொம்மை வாழ வேண்டிய இடம் கடை இல்லை, குழந்தையின் கை. அந்தக் கையில் எது நிற்கும் என்பதுதான் இன்றைய வழக்கு.

நடுவர் அவர்களே! இவர்கள் குரோம், குரோம் என்கிறார்களே, அந்தப் பொம்மையில் பெரும்பாலும் குரோமே கிடையாது! (சிரிப்பு) அசல் குரோம் முலாம் மோட்டார் சைக்கிளில் இருக்கிறது, குளியலறைக் குழாயில் இருக்கிறது. மின்சாரம் பாய்ச்சி, நிக்கல் ஏற்றி, அதன் மேல் குரோமியம் ஏற்றுவார்கள். பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது. அதை ரசாயனத்தில் அரித்துப் பக்குவம் செய்து முலாம் ஏற்ற வழி உண்டு, ஆனால் செலவு பிடிக்கும். அதனால் பொம்மைக்குச் செய்வது வேறு வேலை.

பிளாஸ்டிக் உறுப்புகளுக்கு முதலில் ஒரு வார்னிஷ் அடிப்பார்கள். பிறகு ஒரு பெரிய பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கவிட்டு, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். வெற்றிடம். அதற்குள்ளே அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்குவார்கள். சுடுதண்ணீர்ப் பானையின் மூடியில் ஆவி படிகிற மாதிரி, அலுமினிய ஆவி போய் பொம்மையில் படியும். அதைக் காப்பாற்ற மேலே இன்னொரு வார்னிஷ். அவ்வளவுதான் ‘குரோம்’. தங்க நிறம் வேண்டுமா? மேல் வார்னிஷில் கொஞ்சம் மஞ்சள் கலந்தால் போதும். ஆக, குரோம் என்பது குரோம் இல்லை, தங்கம் என்பது தங்கமும் இல்லை. இரண்டும் நம்ம வீட்டு இட்லிக் குண்டான் அலுமினியம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அந்த அலுமினியத் தோலின் கனம் எவ்வளவு? ஏறத்தாழ ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். எழுநூறு தோலை அடுக்கினால்தான் ஒரு முடி! சும்மா உட்கார்ந்திருக்கிற பொம்மை என்றால் இது போதும். ஆனால் நம் தலைப்பு உருமாறும் பொம்மை. ஒவ்வொரு முறை லாரி ரோபோவாகும்போதும் முழங்கால் உரசும், தோள் உரசும், மூட்டு உரசும். உரசுகிற இடத்தில்தான் முலாம் முதலில் போகும். கைவியர்வையும் ஈரமும் அந்தக் கீறல் வழியே உள்ளே இறங்கினால் அலுமினியம் கறுக்கும், உதிரும்.

இன்னொன்று. அச்சில் வார்த்த உறுப்புகள் ஒரு கிளையில் காய் தொங்குவது மாதிரி சேர்ந்திருக்கும். அப்படியே முலாம் பூசிவிட்டு, பிறகுதான் நறுக்கி எடுப்பார்கள். நறுக்கிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். பிறக்கும்போதே தழும்பு!

1984 வரிசையில் மெகாட்ரான் என்று ஒரு வில்லன். கைத்துப்பாக்கியாக உருமாறுவான். உடம்பின் பெரும்பகுதி வெள்ளி முலாம். இன்றைக்கு அந்தப் பழைய பொம்மையை விலைக்குக் கேட்கிறவர் முதலில் எதைப் பார்க்கிறார்? முலாம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். விளையாடிய கை பட்ட இடமெல்லாம் விலை குறையும். குழந்தையின் அன்பையே குற்றமாக்குகிற பூச்சு, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

“அப்படின்னா மேலே பூசாம, மின்னுகிற துகளைப் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே கலந்துட்டா?” என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தார்கள். 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் தங்கத் துகள் சுழன்று தெரிகிற மாதிரி வார்த்த பொம்மைகள் சில வந்தன. வருஷம் ஆக ஆக அந்தப் பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி ஆகிவிட்டது. உருமாற்ற எடுத்தால் மூட்டு நொறுங்குகிறது. சேகரிப்பவர்கள் இதை ஒரு நோயாகவே பெயர் வைத்துப் பேசுகிறார்கள்.

இப்போது எங்கள் கட்சிக்கு வருகிறேன். வண்ணப் பொம்மையில் பாதி வேலையை பிளாஸ்டிக்கே செய்துவிடுகிறது. வார்க்கும்போதே சிவப்புச் சாயம் கலந்தால் தோல் முதல் எலும்பு வரை சிவப்பு. தேய்ந்தாலும் உள்ளே சிவப்புதான். கண், மார்புப் பட்டை, சின்னம் இவற்றுக்கு மட்டும் மேலே பெயின்ட். ஓட்டை போட்ட மூடியை வைத்து ஸ்பிரே அடிப்பார்கள். நுணுக்கமான சின்னம் என்றால் மெத்தென்ற சிலிக்கோன் உருண்டையில் மையைத் தொட்டு முத்திரை குத்துவார்கள்.

வண்ணம் மட்டும் உரியாதா என்றால், உரியும். வெள்ளைப் பிளாஸ்டிக் வெயில் பட்டால் மஞ்சளாகவும் போகும். ஆனால் உரிந்த வண்ணத்தை வீட்டிலேயே சரி பண்ணலாம். ஒரு சின்ன பிரஷ், ஒரு சொட்டு பெயின்ட், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. முலாம் போனால்? உங்க தெருவுல வெற்றிடப் பெட்டி வெச்சு அலுமினியம் ஆவி பிடிக்கிறவர் யாராவது இருக்காரா? (சிரிப்பு)

“பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினாங்களே, அதுவும் முலாம்தானே?” என்று எதிரணி ஐயா மடக்கினார். ஐயா, அது அழகுக்குப் பூசியதில்லை. புளி ஊற்றினால் களிம்பு ஏறக் கூடாது என்று பூசியது. அதைவிட முக்கியம், ஈயம் போனால் தெருவில் ஈயம் பூசுகிறவர் வருவார், வாசலிலேயே துருத்தி வைத்து மறுபடி பூசித் தருவார். மறுபடி பூச முடிகிற பூச்சுக்கு நாங்கள் எதிரி இல்லை. ஒருமுறை போனால் போனதுதான் என்கிற பூச்சைத்தான் வேண்டாம் என்கிறோம்.

“வண்ணம் நிலைக்காது” என்றும் சொன்னார்கள். எங்க ஊருக்கு வாங்க! புதுக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் சித்தன்னவாசல். குகைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற மனிதர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டே இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிறைய உதிர்ந்துவிட்டது, உண்மைதான். ஆனாலும் மிச்சம் இருக்கிற தாமரை இன்னும் தாமரையாகவே தெரிகிறது. பாறையின் மேல் பக்குவமாகச் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன் மேல் தீட்டியதால்தான் நின்றது. அடித்தளம் சரியாக இருந்தால் வண்ணம் நிலைக்கும்.

அதே மாவட்டத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். முப்பது அடிக்கு மேல் உயரமான குதிரை. மாசி மகத்தன்று அதன் கழுத்தில் ஆள் உயரத்தையும் தாண்டிய காகிதப்பூ மாலைகள் மலை மாதிரி குவியும். அந்தக் குதிரை மழையில் நனைகிறது, வெயிலில் காய்கிறது. வண்ணம் மங்கினால் ஊர் கூடித் தீட்டிக்கொள்ளலாம். நம்ம வீட்டுக் கொலு பொம்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். நவராத்திரிக்கு முன்னால் பரணிலிருந்து இறக்கி, மூக்கு உதிர்ந்த செட்டியாருக்கு ஒரு தீற்றல், மீசை மங்கிய ராஜாவுக்கு ஒரு தீற்றல் போடுகிறோமே, அப்போது அந்தப் பொம்மை இன்னொரு தலைமுறைக்கு நம்ம பொம்மையாகிறது.

கடைசியாக ஒரு கதை. சூத்திரகர் வடமொழியில் எழுதிய நாடகம் மிருச்சகடிகம். அதை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழில் தந்தவர் பண்டிதமணி கதிரேசச் செட்டியார். எங்கள் மாவட்டத்து மேலைச்சிவபுரியில் 1909-ல் சன்மார்க்க சபையை நிறுவிய பெருமகனார் அவர். அந்த நாடகத்தில் சாருதத்தன் என்கிற வறுமைப்பட்ட நல்லவனின் சின்ன மகன் அழுகிறான். ஏன்? பக்கத்து வீட்டுப் பையனின் பொன் தேரில் விளையாடிவிட்டான், இப்போது தன்னுடைய மண் தேர் பிடிக்கவில்லை. “பாருங்க, குழந்தையே பளபளப்பைத்தானே கேட்டது!” என்று எதிரணி துள்ளும். பொறுங்கள். மனம் இளகிய வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் தேரில் குவிக்கிறாள். அப்புறம் என்ன ஆச்சு? அதே நகை நீதிமன்றத்தில் சாட்சியாகி, சாருதத்தனைக் கொலைக்களம் வரை கொண்டு போனது! பொம்மை மேல ஏத்தின பொன்னு அப்பன் கழுத்துக்கே கத்தியா வந்துது! (நீண்ட கைதட்டல்)

நம்ம வீட்டிலும் நடப்பது அதுதானே? சிங்கப்பூர் மாமா முலாம் பூசின ரோபோ வாங்கி வருகிறார். பிள்ளை ஆசையாகக் கை நீட்டுகிறான். “தொடாதேடா! பளபளப்புப் போயிடும்!” நேரே ஷோகேஸுக்குள் போகிறது. உருமாறப் பிறந்த பொம்மை ஒருநாளும் உருமாறுவதில்லை. பிள்ளை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறான். பெட்டி பிரிக்காத பொம்மைக்குச் சந்தையில் விலை அதிகமாக இருக்கலாம். அந்தப் பிள்ளையின் ஏக்கத்துக்கு என்ன விலை போடுவது?

ஒரு பொறுப்போடும் சொல்ல வேண்டும். வண்ணம் என்றால் எல்லா வண்ணமும் நல்லதில்லை. காரீயம் கலந்த பெயின்ட் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2007-ல் அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் பெயின்டில் காரீயம் இருந்ததால் 9 லட்சத்து 67 ஆயிரம் பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. நம் நாட்டில் 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தாய்மார்களே, பளபளப்பைப் பார்க்கும் முன்னால் அந்த முத்திரையைப் பாருங்கள். முலாமோ வண்ணமோ, அது இல்லாத பொம்மை வாயில் வைக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆகாது.

நடுவர் அவர்களே! தமிழில் பொம்மைக்கும் பாவை என்று பெயர், கண்ணின் கருமணிக்கும் பாவை என்று பெயர். கண்ணைப் பறிக்கிறது முலாம். கண்ணுக்குள்ளே தங்குகிறது வண்ணம். தேயத் தேய அழகு குறைகிறது முலாம் பொம்மைக்கு. தேயத் தேயக் கதை கூடுகிறது வண்ணப் பொம்மைக்கு. ஆகவே, தொட்டு விளையாட, உடைந்தால் ஒட்ட, மங்கினால் தீட்ட இடம் கொடுக்கிற வண்ணப் பூச்சே உருமாறும் ரோபோ பொம்மைக்குப் பெருமை சேர்க்கிறது என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமைகிறேன். (கைதட்டல்)