உறைபனிக் காலையில் ஓட மறுக்கும் ஆயில் எஞ்சின்

நீலகிரி மாவட்டத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். உதகையிலும் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளிலும் சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. உருளைக்கிழங்கு பயிரிட்ட விவசாயிகள் வெயில் ஏறுமுன் தெளிப்பு நீர் பாய்ச்சி, இலை கருகாமல் காக்கின்றனர். அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஓட மறுத்தால் பல வார உழைப்பு ஒரே காலையில் வீணாகிவிடும்.

காரணம் என்ன?

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டரில் அமுக்கப்படும் காற்று சூடேறி, அந்தச் சூட்டில்தான் டீசல் தீப்பற்றுகிறது. குளிர்ந்த இரும்பு அச்சூட்டை உறிஞ்சிவிடுகிறது. மசகு எண்ணெயும் கெட்டியாவதால் கைப்பிடியை வேகமாகச் சுற்ற முடிவதில்லை.

புகையே அடையாளம்

கைப்பிடியைச் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால், டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். குளிர் அல்லது அமுக்கக் குறைவு இதற்குக் காரணம். லீவரை இறக்கியபின் கைப்பிடி எதிர்ப்பின்றி எளிதாகச் சுற்றினால் வால்வு, பிஸ்டன் வளையங்களை மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வடிகட்டி அடைத்திருக்கலாம் அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம். வடிகட்டியின் திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வழிந்ததும் இறுக்கவேண்டும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு பிரிந்தும் வடிகட்டியை அடைக்கும். டீசல் கலங்கலாகத் தெரிவது இதன் அறிகுறி. வெயில் காலத்தில் வாங்கி வைத்த டீசலைப் பனிக்காலத்திற்கு மிச்சம் பிடிக்கலாகாது.

முதல் நாள் மாலையில்

டாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்று தங்கி நீராக மாறுவது குறையும். அடியில் தேங்கிய நீரையும் கசடையும் வடித்துவிடவேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரையும் பம்பிலுள்ள நீரையும் இறக்கிவிடுவது அவசியம். நீர் பனிக்கட்டியாகும்போது பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். எஞ்சினைச் சாக்கினால் மூடுவதும் நன்று. எஞ்சின் சூடு ஆறிய பிறகே மூடவேண்டும்.

காலையில்

கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை எஞ்சினில் ஊற்றிச் சில நிமிடம் விடவேண்டும். கொதிநீர் கூடாது, குளிர்ந்த இரும்பு விரிசல் விடும். பம்பிலும் நீர் நிரப்பவேண்டும். அமுக்கம் விடுவிக்கும் லீவரைத் தூக்கி, டீசலை நிறுத்திவைத்துப் பத்துச் சுற்றுகள் சுற்றினால் எண்ணெய் எங்கும் பரவும். பிறகு டீசலைத் திறந்து, வேகமாகச் சுற்றியபடியே லீவரை இறக்கவேண்டும். கட்டைவிரலையும் மற்ற விரல்களுடன் ஒரே பக்கமாக வைத்துக் கைப்பிடியைப் பிடித்தால், எஞ்சின் எதிர்த்து உதைத்தாலும் விரல் முறியாது.

ஓடத் தொடங்கியதும் வெளிப்போக்கு வால்வை மூடியபடி இரண்டு, மூன்று நிமிடம் சூடேறவிட்டு, பின்னர் மெதுவாகத் திறக்கவேண்டும்.

செய்யக்கூடாதவை

டாங்கிக்கு அடியில் தீ மூட்டுவதும், காற்று உள்வாங்கும் குழாயில் எரியும் துணியைக் காட்டுவதும், டீசலில் பெட்ரோல் கலப்பதும் உயிருக்கே ஆபத்து.

ஐப்பசியிலேயே வடிகட்டியை மாற்றி, எஞ்சின் தயாரிப்பாளர் குளிர் காலத்திற்குக் குறிப்பிட்ட இளகிய எண்ணெயை ஊற்றி வைத்தால், பனி விழும் விடியலில் எஞ்சினோடு மல்லுக்கட்ட நேராது.