பேசாத போனுக்கு எதற்கு வாடகை?

லண்டனில் நம்மவர் வீடுகளில் இன்று ஊருக்குப் பேசுவது வாட்ஸ்அப்பில்தான். யாழ்ப்பாணத்து அம்மாவும் சென்னை அக்காவும் முகம் பார்த்தே பேசுகிறார்கள். உள்ளூர் அழைப்புகளுக்குக் கைபேசி இருக்கிறது. அதில் நிமிடக் கணக்கே இல்லாத திட்டங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனாலும் முன்கதவுக்கு அருகில் சுவரில் ஒரு வெள்ளை சாக்கெட்டும், அதில் செருகிய போனும், அதற்கென்று மாதாமாதம் டைரக்ட் டெபிட்டில் போகும் பணமும் பல வீடுகளில் அப்படியே இருக்கின்றன. இந்தச் செலவை எவ்வளவு குறைக்கலாம்? அடியோடு நிறுத்தலாமா? நிறுத்தினால் எதை இழப்போம்? பிரிட்டனில் குடியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற நாடுகளில் விதிகள் வேறு.

லைன் ரெண்டல் என்று நாம் கட்டிவந்தது பேசுவதற்கான கட்டணம் அல்ல. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரை வரும் ஒரு சோடி செப்புக் கம்பிக்கான வாடகை அது. ஹல் நகரம் போன்ற விதிவிலக்குகளைத் தவிர்த்தால், நாட்டின் பெரும்பகுதியில் அந்தக் கம்பி பி.டி. குழுமத்தைச் சேர்ந்த ஓபன்ரீச்சுடையது. உங்கள் பில்லில் வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், அது பெரும்பாலும் ஓபன்ரீச்சிடம் மொத்த விலைக்கு வாங்கி உங்களுக்குச் சில்லறை விலைக்குத் தருவதுதான். அதே கம்பி, அதே ஒலித்தரம், விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. பழைய ஆள்கள் மலிவான வாடகையைத் தேடி நிறுவனம் மாறியதற்கும், பன்னிரண்டு மாத வாடகையை முன்கூட்டியே கட்டித் தள்ளுபடி வாங்கியதற்கும் காரணம் இதுவே. அன்று அது சரியான வழி.

வேறு வழியும் இருக்கவில்லை. ஏ.டி.எஸ்.எல். இணையம் அந்தச் செப்புக் கம்பியிலேயே வந்தது. போன் லைன் உயிரோடு இருந்தால்தான் பிராட்பேண்ட் வரும் என்ற நிலையில், ஒரு நிமிடம்கூடப் பேசாதவரும் வாடகை கட்டியே தீர வேண்டும். விளம்பரங்களோ பிராட்பேண்ட் விலையைப் பெரிய எழுத்திலும் லைன் வாடகையை அடியில் பொடி எழுத்திலும் போட்டன. 2016 அக்டோபர் 31 முதல் இரண்டையும் சேர்த்தே விலை சொல்ல வேண்டும் என்று விளம்பரக் கட்டுப்பாட்டு அமைப்பு விதித்த பிறகுதான் அது நின்றது.

அதைவிட எனக்கு உறைத்தது அடுத்த ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் எடுத்த நடவடிக்கை. மொத்த விலை குறைந்துகொண்டே வந்தும் நிறுவனங்கள் சில்லறை வாடகையை ஏற்றிக்கொண்டே போயின. இணையம் இல்லாமல் போன் மட்டும் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், நிறுவனம் மாறாதவர்கள். அடி முழுக்க அவர்கள்மேல் விழுந்தது. ஆஃப்காம் அழுத்தம் கொடுத்ததும் 2018 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் பி.டி. மாத வாடகையை 18.99 பவுண்டிலிருந்து 11.99 பவுண்டாக இறக்கியது. ஒரே நாளில் 7 பவுண்டு இறங்க முடிந்த விலை, அதற்கு முன் எத்தனை காலம் தேவையில்லாமல் உயரத்தில் இருந்திருக்கும் என்று பாருங்கள். பில்லைத் திருப்பிப் பார்க்காதவர்கள்தான் இந்தத் துறையில் அதிகம் கட்டுகிறார்கள். இன்றும் அதுதான் நிலை.

ஊருக்குப் பேசும் செலவு இதிலிருந்து எப்போதோ பிரிந்துவிட்டது. கடைகளில் காலிங் கார்டு வாங்கிச் சுரண்டி, நீண்ட எண்ணை அழுத்திப் பேசிய காலம் பலருக்கு நினைவிருக்கும். ஊருக்கு மலிவாகப் பேச வழிசெய்த லெபாரா நிறுவனத்தின் பெயரே 2001இல் அதைத் தொடங்கிய லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற மூன்று தமிழர்களின் பெயர்களிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்திலேயே நாம் லைனுக்கு ஒருவரிடமும் பேச்சுக்கு இன்னொருவரிடமும் பணம் கட்டப் பழகிவிட்டோம். இப்போது பேச்சு இணையத்துக்குப் போய்விட்டது. லைன் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆகவே முதலில் பில்லை எடுங்கள். கடைசி மூன்று மாத பில்லில், வீட்டு போனிலிருந்து வெளியே போன அழைப்புகளின் பட்டியலைப் பாருங்கள். பல வீடுகளில் அது ஏறக்குறைய காலியாக இருக்கும். இருக்கும் ஓரிரண்டும் ஜிபி சர்ஜரிக்கும் வங்கிக்கும் போனவை. பிறகு அதே பில்லில் 'எந்நேர அழைப்புத் திட்டம்', 'சர்வதேச அழைப்புத் திட்டம்', வாய்ஸ்மெயில், அழைப்பவர் எண் காட்டும் வசதி என்று என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள். எப்போதோ யாரோ போனில் விற்றது இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இவற்றை நிறுத்தச் சொல்லுங்கள். 0800 எண்கள் 2015 ஜூலை முதல் கைபேசியிலிருந்தும் இலவசம். 03இல் தொடங்கும் எண்கள் கைபேசித் திட்டத்து நிமிடங்களிலேயே அடங்கும். 084, 087 எண்களுக்குத்தான் தனியே பணம் போகும். அதற்கு வீட்டு போனும் விலக்கல்ல.

அடுத்தது, இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்ட செய்தி. செப்புக் கம்பி வழித் தொலைபேசிச் சேவையே மூடப்படுகிறது. 2023 செப்டம்பரிலிருந்து பழைய வகை லைன்களைப் புதிதாக விற்பது நின்றுவிட்டது. 2025 டிசம்பரில் முழுவதும் நிறுத்துவதாக இருந்தது. இப்போது கடைசி நாள் 2027 ஜனவரி 31. எனவே, இன்று 'மலிவான லைன் வாடகை எங்கே கிடைக்கும்' என்று தேடுபவர் கடையை விட்டே போய்விட்ட சரக்கைத் தேடுகிறார். தேட வேண்டியது வேறு: போன் சேவை ஒட்டாத பிராட்பேண்ட் ஒன்று, பழைய எண்ணை வைத்துக்கொள்ள மலிவான இணையத் தொலைபேசிக் கணக்கு ஒன்று.

முதலாவது இப்போது எளிது. வீடு வரை ஃபைபர் வந்தால் செப்புக் கம்பியே வேண்டாம். லண்டனில் ஓபன்ரீச் ஃபைபரோடு கம்யூனிட்டி ஃபைபர், ஹைப்பர்ஆப்டிக் போன்றவர்களும் சொந்தக் கம்பி இழுத்திருக்கிறார்கள். விர்ஜின் மீடியாவின் கேபிளும் தனி வழி. தெருமுனைப் பெட்டி வரை மட்டும் ஃபைபர் வரும் வீடுகளிலும், குரல் சேவை இல்லாத பிராட்பேண்டை அதே செப்புக் கம்பியில் தருகிறார்கள். விலையை ஒப்பிடும்போது 'போன் இல்லாமல் எவ்வளவு?' என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்காவிட்டால், விற்பவர் அழைப்புத் திட்டத்தைச் சேர்த்தே சொல்வார்.

இரண்டாவது, எண். இது பணத்தால் மட்டும் அளக்கும் விஷயம் அல்ல. 0181 என்று தொடங்கி 2000இல் 020 8 ஆக மாறிய அதே எண்ணை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளாக வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஊரில் பழைய டைரிகளில் எழுதியிருப்பது அந்த எண்தான். மருத்துவமனைக் கோப்பிலும் அதுதான். அதை இணையத் தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். எண்ணை வைத்திருக்க மாதத்துக்குச் சில பவுண்டுகள், பேசினால் நிமிடத்துக்குச் சில பென்ஸ் என்பதுதான் பொதுவான கணக்கு. கைபேசியில் அவர்களுடைய செயலியைப் போட்டுக்கொண்டால், நீங்கள் கொழும்பில் இருக்கும்போதும் லண்டன் வீட்டு எண் உங்கள் கையில் ஒலிக்கும்.

பழைய போனையே வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு அடாப்டர் என்று ஒரு சிறிய பெட்டி உண்டு. அதன் ஒரு வாய் ரவுட்டருக்கு, மறு வாய் போனுக்கு. இங்கே ஒரு சில்லறைத் தொந்தரவு வரும்: பிரிட்டிஷ் போன் செருகி அகலமானது, ஒரு பக்கத்தில் கொக்கி வைத்தது; பல அடாப்டர்களின் துளை சிறியது. இடையில் போட ஒரு மாற்றுச் செருகி வேண்டும். விலை அற்பம், ஆனால் அது இல்லாமல் அன்றைய வேலை நடக்காது. பி.டி.யின் இணையத் தொலைபேசிச் சேவையான டிஜிட்டல் வாய்ஸ் எடுப்பவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை; போன் செருகும் துளை ரவுட்டரின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. இணைய வேகம் போதுமா என்ற கவலையும் வேண்டாம். ஓர் அழைப்புக்குப் போக வர நொடிக்குச் சுமார் 100 கிலோபிட் இருந்தால் தாராளம்.

எண்ணை மாற்றும்போது வரிசை தவறினால் பெரிய சிக்கல். பழைய லைனை முதலில் ரத்து செய்தால் எண்ணும் அதோடு போகலாம். எண்ணை முதலில் வேறிடத்துக்கு மாற்றினால் பழைய லைன் தானாக மூடப்படும். அந்த லைனில் ஓடும் இணையமும் அதோடு நின்றுபோகும். எனவே புது இணைப்பு வீட்டில் ஓடத் தொடங்கட்டும். அது வேலை செய்வதைப் பார்த்த பிறகு, எண்ணை எடுத்துக்கொள்ளும்படி இணையத் தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லுங்கள். மாற்றம் முடியச் சில வேலை நாள்கள் பிடிக்கும். அதுவரை பழைய லைனைத் தொடாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து, புது நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் போதும், பழையதை அவர்களே ரத்து செய்துவிடுவார்கள் என்ற வசதி வந்திருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் எண் வேண்டும் என்பவர்கள் அதில் கவனமாக இருக்க வேண்டும்: பழைய எண்ணை என்ன செய்ய வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இடையில் முறித்தால் அபராதம் சேமிப்பை விழுங்கிவிடும்.

இனி பணத்தைவிடப் பெரிய விஷயம். பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 50 வோல்ட் மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் கம்பி போட்ட போன் பேசும். இணையத் தொலைபேசியில் அது இல்லை: கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், ரவுட்டர் அணைந்தால் போன் இல்லை. இன்று பல வீடுகளில் இருப்பது கம்பியில்லாப் போன். அதன் அடித்தட்டு சுவர் மின்சாரத்தில் ஓடுவதால், அந்த வீடுகளில் இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே இல்லை. கைபேசி சிக்னல் நன்றாக இருக்கும் வீட்டுக்கு இது பெரிய இழப்பு அல்ல. சிக்னல் வராத வீட்டில், கைபேசி வைத்திராத முதியவர் தனியே இருந்தால், இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு, கரண்ட் இல்லாதபோதும் குறைந்தது ஒரு மணி நேரம் 999 அழைக்க வழி செய்துதர வேண்டும், அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பது ஆஃப்காம் வகுத்த நெறி. கேட்டால் பேட்டரிப் பெட்டியோ சிறப்புக் கைபேசியோ தருவார்கள். கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் 999 அழைக்க முடியாது என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். இணையத் தொலைபேசிக் கணக்கு எடுத்தால் உங்கள் வீட்டு முகவரியை அதில் பதிவு செய்யுங்கள். ஆம்புலன்ஸ் அந்த முகவரிக்குத்தான் வரும். வீடு மாறினால் அன்றே மாற்றுங்கள். அதேபோல், எல்லாப் பேச்சையும் ஒரே செயலியில் கட்டிவைக்காதீர்கள். பலர் பணம் போட்டு வைத்திருந்த ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது.

கழுத்தில் தொங்கவிடும் அவசர அழைப்புப் பொத்தான் இருக்கும் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பொத்தான் பல வீடுகளில் போன் லைன் வழியாகத்தான் உதவி மையத்தை அழைக்கிறது. லைன் செப்புக் கம்பியிலிருந்து இணையவழி டிஜிட்டல் சேவைக்கு மாறும்போது பழைய பெட்டி வேலை செய்யாமல் போகலாம். 2023இல் அப்படி மோசமான சம்பவங்கள் நடந்து, அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனங்கள் அரசுடன் பாதுகாப்பு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டிவந்தது. அலாரம் தரும் அமைப்பிடம் கேட்காமல் அந்த வீட்டில் லைனை மாற்றாதீர்கள்; மாற்றிய பிறகு பொத்தானை அழுத்திச் சோதித்துப் பாருங்கள்.

யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி பெறுபவர்கள் மேலே சொன்ன கணக்குக்குள் போகும் முன் இவர்களுக்கென்றே உள்ள மலிவான சமூகக் கட்டணத் திட்டங்களைப் (சோஷியல் டாரிஃப்) பற்றிக் கேட்டுப் பாருங்கள். பி.டி.யின் ஹோம் எசென்ஷியல்ஸ் 2021இல் வந்தபோது, பிராட்பேண்டும் அழைப்பும் சேர்த்து மாதம் 15 பவுண்டு. மற்ற சில நிறுவனங்களும் இப்படித் தருகின்றன. தகுதி இருந்தும் கேட்காதவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். உரிமையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

புது ஒப்பந்தம் போடும்போது, நடுவில் விலை எவ்வளவு ஏறும் என்று பாருங்கள். 2025 ஜனவரி 17 முதல் போடும் ஒப்பந்தங்களில் அதைப் பவுண்டு, பென்ஸ் கணக்கில் முன்பே எழுதிக் காட்ட வேண்டும். பணவீக்கத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. மோசடி அழைப்புகளிலும் கவனம் வேண்டும்: டிஜிட்டல் மாற்றம் என்று சொல்லி வங்கி விவரமோ முன்பணமோ கேட்டு வரும் அழைப்புகளைத் துண்டித்துவிட்டு, பில்லில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

என் முடிவு இதுதான்: நல்ல இணையமும் நல்ல கைபேசி சிக்னலும் உள்ள வீட்டில் தனி போன் சேவைக்குக் காசு கட்டத் தேவையில்லை, எண் வேண்டுமானால் அதை மட்டும் சில பவுண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் பெற்றோரோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ தனியே இருக்கிறார்களா? அலாரமும் பேட்டரிப் பெட்டியும் பற்றி அவர்களுடைய நிறுவனத்துக்கு இந்த வாரமே ஓர் அழைப்பு போடுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பேசிக்கொடுங்கள்.