கொழுப்பு வடியச் சுடும் கலம்

அடுதற்றொழிலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, நம் முன்னோர் அடுக்களையிலும் நுண்ணறிவு செலுத்தினர் என்பது இனிது புலனாகும். நீரில் இட்டு வேகவைத்தல், ஆவியில் அவித்தல், எண்ணெயில் மூழ்கப் பொரித்தல், சிறிது எண்ணெய் சேர்த்து வதக்குதல், வெறுங்கலத்தில் இட்டு வறுத்தல், நெருப்பிற் சுடுதல், அனல் படும்படி தள்ளி வைத்து வாட்டுதல் என்பன ஒரு தொழிலின் பல பெயர்கள் அல்ல, வெவ்வேறு தொழில்கள். வெப்பம் எதன் வழியாக உணவைச் சென்று சேர்கின்றதோ அதற்கேற்பச் சொல்லும் வேறுபட்டது.

சொல் வேறுபட்டாற் கலமும் வேறுபடல் வேண்டும். பிட்டு அவித்தற்கு நீத்துப்பெட்டி உண்டு. பொரித்தற்குத் தாச்சி உண்டு. தோசைக்குக் கல் உண்டு. ஆனால் ஊனைச் சுடுதற்கென்றே அமைந்த கலம் ஒன்று யாழ்ப்பாணத்து வீடுகளிற் பெரும்பாலும் இருந்ததில்லை. குசினி, பாண், போறணை என்னும் சொற்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து நம்மிடை வந்து வழங்கின. அவற்றுட் குசினி வீட்டினுள்ளே புகுந்தது; போறணையோ பாண் சுடுவார் கடையோடு நின்றுவிட்டது. ஆகவே, சுடத்தக்க ஊனையும் தாச்சியில் இட்டு எண்ணெயிற் பொரிப்பதே வழக்காயிற்று. கொழுப்புக் குறையும்படி ஊனைச் சுடும் கலம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

சைவ மரபில் வளர்ந்த கல்லூரியொன்றின் மலரில் இப்பொருளைப் பேசுதல் தகுமோ என ஐயுறுவார் இருத்தல் கூடும். புலால் மறுத்தலைத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமாகவே வகுத்துவைத்தார். அந்நெறி நிற்பாரை யாம் போற்றுகின்றோம். ஆயினும், எம்மிடம் பயின்று இன்று தாய்நாட்டிலும் பிறநாடுகளிலும் வாழும் மாணவர் எல்லாரும் ஒரே வகை உணவு கொள்வாரல்லர். அவர்தம் உடல்நலமும் எமக்கு உரிய கவலையே. அன்றியும், ஊனுக்குக் கூறும் இவ்விதிகள் கத்தரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் அப்பளத்துக்கும் பொருந்துவனவே.

இக்கவலை வீண் கவலையன்று. இலங்கையில் நிகழும் மரணங்களுள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் விளைவன என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இவற்றுக்குக் காரணங்கள் பல. உணவு அவற்றுள் ஒன்று. மாச்சத்தும் புரதமும் கிராம் ஒன்றுக்கு 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருகின்றது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 14 கிராம். அதில் 120 கலோரி வரையில் அடங்கும். நாம் கறியை அளந்து உண்கின்றோம். கறியோடு உள்ளே செல்லும் எண்ணெயை அளப்பார் யார்? உடலை விட்டுப் பணப்பையை நோக்கினும் அவ்வாறே. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிற் சமையல் எரிவாயு கிடையாது விறகடுப்புக்குத் திரும்பிய குடும்பங்கள், எரிபொருளையும் எண்ணெயையும் சிக்கனப்படுத்தும் கலத்தின் அருமையை நன்கு உணர்ந்திருக்கும்.

இனி, ஊன் சூடேறும்போது நிகழ்வது யாது? ஆட்டின் கொழுப்பும் மாட்டின் கொழுப்பும் ஏறத்தாழ 40 முதல் 50 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகத் தொடங்கும். 100 பாகையில் ஊனின் மேற்புறத்து நீர் ஆவியாகும். அந்நீர் நீங்கி மேற்புறம் 140 பாகையை அண்மிய பின்னரே, சுட்ட ஊனுக்குரிய செந்நிறமும் மணமும் தோன்றும். புரதமும் சர்க்கரையும் வெப்பத்திற் கூடி நிகழ்த்தும் இம்மாற்றத்தை 1912இல் விளக்கியவர் மெயாட் என்னும் பிரெஞ்சு அறிஞர். இவ்வரிசையை மனத்திற் கொள்க. ஊன் சிவக்கும் முன்னரே கொழுப்பு உருகிவிடுகின்றது. எனவே கொழுப்பை உருக்குதற்குத் தனி முயற்சி வேண்டியதில்லை. உருகியது எங்கே செல்கின்றது என்பதே வினா. அவ்வினாவுக்கு விடை கூறுவது கலத்தின் வடிவம்.

தாச்சியை எடுத்துக்கொள்வோம். அதன் அடி குழிந்தது. 100 மில்லிலீற்றர் எண்ணெயை 25 சதமமீற்றர் விட்டமுள்ள தட்டையான கலத்தில் ஊற்றினால் அது பரந்து 2 மில்லிமீற்றர் ஆழமே நிற்கும். அதே எண்ணெயை, 15 சதமமீற்றர் ஆரையுள்ள கோளத்தின் அடிப்பகுதி போல வளைந்த தாச்சியில் ஊற்றினால் நடுவில் ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் ஆழம் நிற்கும். கணிதம் பயிலும் மாணவர் தாமே கணித்துக் காண்க. குறைந்த எண்ணெயில் வடையும் மோதகமும் மூழ்கிப் பொரிவது இவ்வளைவினாலேயாம். பொரித்தற்கு இதனிற் சிறந்த வடிவம் அரிது. ஆனால் பொரித்தலுக்கு நன்மையான அக்குழிவே சுடுதலுக்குத் தீமையாகின்றது. ஊனிலிருந்து உருகிய கொழுப்பும் ஊற்றிய எண்ணெயும் ஒரே குழியில் வந்து சேர, ஊன் தன் கொழுப்பிலே தானே கிடந்து பொரிகின்றது. பின்னர் அதனை மசாலாவோடு பிரட்டும்போது குழியில் நின்றது முழுவதும் உணவிற் சேர்ந்து இலைக்கு வருகின்றது. இது சமைப்பார் குற்றமன்று. கலத்துக்கு நாம் ஏவிய தொழிலே பிழை.

பழந்தமிழர் இதற்கு வேறு வழி கண்டனர். கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பொருநராற்றுப்படையில், விருந்தினனாய்ச் சென்ற பொருநனுக்கு வேகவைத்த ஊனும், இரும்புக் கம்பியிற் கோத்துச் சுட்ட ஊனும் வெவ்வேறாகப் படைக்கப்பட்டமை கூறப்படுகின்றது. உ. வே. சாமிநாதையர் 1889இற் பதிப்பித்த பத்துப்பாட்டினுள் இதனைக் காணலாம். கம்பியிற் கோத்த ஊனின் கீழே தாங்குவதற்குக் கலமே இல்லை. ஆதலால் உருகிய கொழுப்புத் தேங்குவதற்கும் இடமில்லை. வட இந்தியத் தந்தூர் அடுப்பிலும் நீண்ட கம்பி செங்குத்தாய் நிற்க, கொழுப்புக் கீழே வடிகின்றது.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. வடியும் கொழுப்பு நேரே தணலில் வீழ்ந்து எரிந்து புகைகின்றது. அப்புகையில் உண்டாகும் சில கரிமச் சேர்வைகள் புற்றுநோயைத் தோற்றுவிக்க வல்லன. அவை மேலே உள்ள ஊனிற் படிகின்றன. கொழுப்பை உணவினின்று பிரித்தால் மட்டும் போதாது. நெருப்பினின்றும் பிரித்தல் வேண்டும்.

இவ்விரண்டாம் தேவையை விஞ்ஞான நோக்கோடு ஆராய்ந்தவர் றம்போட் பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தொம்சன் ஆவார். அமெரிக்காவிற் பிறந்து பவேரியா நாட்டிற் பணியாற்றிய இவர், மியூனிக்கிற் பீரங்கி குடையப்படும்போது பிறக்கும் வெப்பத்தை அவதானித்து, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கமே என 1798இல் எடுத்துக் காட்டியவர். 1799இல் இலண்டன் றோயல் நிறுவனம் தோன்றுதற்கு முன்னின்றவரும் இவரே. இத்தகைய பேரறிஞர் குசினிச் சட்டியையும் தம் ஆராய்ச்சிக்கு உரியதாகக் கொண்டார் என்பது நம் மாணவர் கருதத்தக்கது.

அவர் அமைத்த சுடுகலம் செங்கற் கட்டினுள் படுக்கையாகப் பதித்த இரும்புத் தகட்டு உருளை. முன்புறம் கதவு, கீழே சிறு நெருப்பு. உருளையினுள் ஊன் கம்பித் தட்டின் மேல் இருக்கும். அதன் கீழே வடியும் கொழுப்பை ஏந்தும் தட்டு. அத்தட்டின் கீழே நீர் நிறைந்த மற்றொரு தட்டு. நீர் உள்ளவரையில் அதன் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. ஆகவே அதன் மேலிருக்கும் கொழுப்புத் தீயாமலும் புகையாமலும் நிற்கும். உருளையின் அடியில் இரு குழாய்கள் சூடான உலர்காற்றை உள்ளே செலுத்தும். மேலே ஒரு குழாய் ஆவியை வெளியேற்றும். ஊன் மெல்ல வெந்து முடியும்வரை காற்றுக் குழாய்களை அடைத்து வைத்து, இறுதியில் திறந்துவிட மேற்புறம் சிவக்கும். ஆவி வெளியேறாவிடின் ஊன் சுடப்படாது, அவிந்துபோம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அண்மைக் காலத்தில் இக்கொள்கை வேறு வடிவங்கள் எடுத்தது. அமெரிக்கரான மைக்கல் போம் என்பவர் வரிவரியாக மேடு அமைந்த இரு சூட்டுத் தகடுகளைச் சாய்வாக அமைத்து, கொழுப்பு முன்புறத் தட்டில் வடியுமாறு ஒரு மின்கலம் உருவாக்கினார். குத்துச்சண்டை வீரர் ஜோர்ஜ் போர்மன் பெயரால் 1994இல் விற்பனைக்கு வந்த அக்கலம் உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்கப்பட்டது. 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட காற்றுப் பொரிகலம், துளையுள்ள கூடையிற் பொருளை வைத்து மேலிருந்து சூடான காற்றை விரைந்து சுழற்றுவது. பெயர் பொரிகலம் ஆயினும் அது செய்யும் தொழில் சுடுதலே. தமிழாசிரியர் என்ற முறையில் இதனைச் சுட்டாது செல்ல எம்மால் இயலவில்லை.

இவற்றையெல்லாம் ஒப்பு நோக்கின், கொழுப்பு வடியச் சுடும் கலத்துக்கு நான்கு இலக்கணங்கள் பெறப்படும்.

முதலாவது உயர்த்தல். ஊன் கலத்தின் அடியிற் படாது கம்பியிலோ வரிமேட்டிலோ நிற்றல் வேண்டும். இரண்டாவது வடித்தல். உருகியது தேங்காது ஓடுதற்குத் துளையோ சாய்வோ வேண்டும். மூன்றாவது ஏந்துதல். வடிந்தது நெருப்பிற் படாது, நீரால் குளிர்ந்த தட்டில் அடங்கல் வேண்டும். நான்காவது உலர்த்தல். ஆவி வெளியேறவும் உலர்காற்று உட்செல்லவும் வழி வேண்டும். இந்நான்கில் ஒன்று குறையினும் பயன் குறையும்.

இவற்றுள் முதல் இலக்கணம் நமக்குப் புதியதன்று. பனையோலையாற் கூம்பாக இழைத்த நீத்துப்பெட்டி, பிட்டு மாவைக் கொதிநீரில் தொடாது உயர்த்தி நிறுத்தி, ஓலையின் இடைவெளியால் ஆவியை மட்டும் உள்ளே விடுகின்றது. உணவை உயர்த்தி நிறுத்தினால் எண்ணெய்த் துளியும் வேண்டாது சமைக்கலாம் என்பதை எந்நாளும் நமக்குக் காட்டி நிற்பது அது. ஆவிக்கு அமைத்த அவ்வறிவை அனலுக்கும் அமைத்தலே இனி நாம் செய்யவேண்டுவது.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அடுப்பங்கரையிற் செய்வார் ஊமற்கரியையோ சிரட்டைக்கரியையோ தணலாக்கி இரு பக்கமும் ஒதுக்கி, நடுவே நீருள்ள தகரத்தட்டு ஒன்றை வைத்து, அதற்கு நேர்மேலே கம்பித் தட்டில் ஊனை வைக்கலாம். தணல் பக்கத்தில் இருக்க, கொழுப்பு நடுவில் வடியும், புகை எழாது. மின்போறணை உடையார் விரலளவு நீர் விட்ட தட்டின் மேல் கம்பித் தட்டை வைத்தாற் போதும். கொல்லரிடம் செய்விப்பார் வரிமேடும் ஓரத்தில் ஓடையும் உள்ள கனத்த இரும்புத் தகடு ஒன்றைச் சற்றே சாய்வாக அமைப்பிக்கலாம். வெப்பத்தைத் தேக்கி வைக்கும் கனம் இன்றேல், குளிர்ந்த ஊன் பட்டவுடன் தகடு ஆறி, ஊன் நீர் விட்டு அவியும்.

கலம் எல்லாவற்றையும் செய்யாது என்பதையும் கூறல் கடன். உருகி வெளிவருவதையே அது வடிக்கும். வெளிப்படத் தோன்றும் கொழுப்பை முன்னரே அரிந்து நீக்குதல் வேண்டும். வடிந்ததைச் சுவை கருதி மீண்டும் குழம்பில் ஊற்றுவார்க்கு எக்கலமும் உதவாது. குறைந்த நெருப்பிற் சுடுவார், கோழியிறைச்சியின் நடுப்பகுதியும் 74 பாகையை எட்டியதா எனப் பார்த்தல் இன்றியமையாதது.

இவற்றை எம் சொல்லை நம்பி ஏற்க வேண்டா. மாணவர் தாமே நிறுத்துப் பார்க்கலாம். சைவ இல்லங்களிலும் செய்யத்தக்க சோதனை ஒன்று கூறுவாம். ஒரே அளவான அப்பளம் 20 எடுத்து, பத்துப் பத்தாகப் பிரித்து நிறுக்க. ஒரு பத்தைத் தணலிற் சுடுக; மறு பத்தைத் தாச்சியிற் பொரித்து எண்ணெய் வடியவிடுக. இரண்டையும் மீண்டும் நிறுக்க. சுட்டவை நீரை இழந்து நிறை குறைந்திருக்கும். பொரித்தவையும் நீரை இழந்தனவே. ஆயினும் அவற்றின் நிறை அவ்வாறு குறைந்திராது. அவ்வேறுபாடு முழுவதும் நாம் உண்ணவிருந்த எண்ணெய். அதனைக் கிராம் ஒன்றுக்கு 9 ஆற் பெருக்கிக் கலோரியாகக் காண்க. ஊன் உண்ணும் இல்லத்தார் கம்பித் தட்டின் கீழே வடிந்ததை ஆறவிட்டு, நீரின் மேல் உறைந்து மிதப்பதை எடுத்து நிறுக்கலாம்.

விஞ்ஞானக் கூடத்தில் கற்ற உருகுநிலையும் கொதிநிலையும் பரீட்சைத் தாளோடு முடிந்துபோதற்கு உரியனவல்ல. அவை நம் தாய்மாரும் மனைவியரும் நாள்தோறும் நிற்கும் குசினிக்குச் செல்லல் வேண்டும். பொறியியல் கற்று உயர்ந்த பழைய மாணவர் நம்மிடைப் பலர் உளர். நம் அடுப்புக்கும் நம் கரிக்கும் நம் வருவாய்க்கும் ஏற்ற சுடுகலம் ஒன்றை அவர்களுள் யாரேனும் வரைந்து, ஊர்க் கொல்லரைக் கொண்டு செய்வித்துத் தருவாராயின், அது இக்கல்லூரி கற்பித்த கல்விக்கு ஏற்ற பயனாகும் என யாம் மகிழ்வோம்.