ஜனாஸா அறிவித்தலும் பிறப்புக் கணக்கும்: உலகத்தின் நிலையை நாம் ஏன் பிழையாக மதிப்பிடுகிறோம்?

"காலம் கெட்டுப் போச்சு" என்ற பேச்சு கேட்காத தேத்தண்ணிக் கடை நமதூர்களில் இல்லை. "எங்கட வாப்பாமாருட காலத்தில இப்படியா இருந்த?" என்று ஒருவர் கேட்பார். சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுபவர் மட்டும் அங்கே இருக்கமாட்டார். கணக்கைப் பார்த்தால் என்ன தெரியும், பாராமலே நாம் எப்படி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம் என்பதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. ஏனெனில் இந்தப் பிழையால் அதிகம் அடிபட்டவர்களில் நாமும் இருக்கிறோம்.

சுவீடன் நாட்டு வைத்தியரான ஹான்ஸ் ரொஸ்லிங் (1948 - 2017) தன் குழுவினரோடு சேர்ந்து 2017இல் 14 நாடுகளில் ஏறத்தாழ 12,000 பேரிடம் சில கேள்விகளைக் கேட்டார். கடந்த இருபது வருடங்களில் உலகின் கடும் வறுமை இரு மடங்காகியதா, அப்படியே இருக்கிறதா, பாதியாகக் குறைந்ததா? ஒரு வயதுக் குழந்தைகளில் ஏதேனும் ஒரு தடுப்பூசியாவது பெற்றவர்கள் 20 வீதமா, 50 வீதமா, 80 வீதமா? வறுமை பாதியாகக் குறைந்தது என்ற சரியான விடையைச் சொன்னவர்கள் 7 வீதத்தினர்தான். தடுப்பூசிக் கேள்விக்கு 80 வீதம் என்று சொன்னவர்கள் 13 வீதத்தினர். 12 கேள்விகளில் சராசரியாகச் சரிவந்தவை இரண்டே இரண்டு.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு விசயம் உண்டு. மூன்று விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பன்னிரண்டில் நான்கு சரிவரும். அதைவிடவும் குறைவாக மனிதர்கள் எடுத்திருக்கிறார்கள். படித்தவர்களும் இதில் பெரிதாகத் தேறவில்லை. வெறும் அறியாமை என்றால் பிழைகள் எல்லாப் பக்கமும் சிதறியிருக்கும். இங்கே பிழைகள் ஒரே பக்கமாக, உலகம் மோசம் என்ற பக்கமாகவே சாய்ந்திருந்தன. அப்படியானால் நம்மை அந்தப் பக்கம் தள்ளுகின்ற ஏதோ இருக்கிறது. அது என்ன?

காதில் விழுவதும் விழாததும்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வரும். அன்று ஊரில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று எவரும் அறிவிப்பதில்லை. அறிவிக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்த அறிவித்தலை மட்டும் வைத்து ஊரின் சனத்தொகையைக் கணக்கிடுபவர், ஊர் காலியாகிக்கொண்டு போகிறது என்றுதான் முடிவு செய்வார். அறிவித்தலில் பொய் இல்லை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை.

செய்தியின் தொழிலும் இப்படித்தான். திடீரென நடப்பதே செய்தியாகும். ஒரு நாளில் குண்டு விழும், ஒரு நாளில் கப்பல் மூழ்கும். நல்லவை பெரும்பாலும் ஒரு நாளில் நடப்பதில்லை. உலக வங்கியின் 2.15 டொலர் அளவுகோலின்படி, 1990இல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் அதிகமானோர் கடும் வறுமையில் இருந்தார்கள். 2019இல் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. பிரித்துப் பார்த்தால், நாளொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் என்ற கணக்கில் அந்தத் தொகை குறைந்து வந்திருக்கிறது. எந்தப் பேப்பரும் எந்த நாளும் அதைத் தலைப்புச் செய்தியாகப் போடவில்லை.

இதற்கு மேல் மனதின் பழக்கமும் சேர்கிறது. ஒரு விசயத்துக்கு உதாரணங்கள் எவ்வளவு சுருக்காக ஞாபகம் வருகின்றனவோ, அவ்வளவுக்கு அது அதிகமாக நடக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அமொஸ் ட்வெர்ஸ்கி, டானியல் கானமன் ஆகிய உளவியலாளர்கள் 1973இல் இதை விளக்கி எழுதினார்கள். பயந்தது ஞாபகத்தில் நிற்கும். சும்மா கடந்துபோன நாள் நிற்காது.

பழைய பாடமும் பழைய காலமும்

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை படித்த உலகத்தையே பலர் கடைசிவரை சுமக்கிறார்கள். பங்களாதேஷ் என்றால் வீடு நிறையப் பிள்ளைகள் என்ற எண்ணம் இன்னும் உண்டு. 1970களில் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏழு பிள்ளைகள் வரை இருந்தது மெய்தான். இன்று அது சுமார் இரண்டு. நாடு மாறிவிட்டது. நம் பாடப்புத்தகம்தான் மாறவில்லை.

கடந்த காலத்தைப் பற்றிய நினைவும் அப்படியே. மூத்தும்மாமார் பேசுகையில் "பத்துப் பெத்து ஆறு தங்கின" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். தங்காத நாலைப் பற்றி நாம் கேட்பதில்லை. 1946இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 140 குழந்தைகள் ஒரு வயதைக் காணாமல் மௌத்தாகின. இன்று அது பத்துக்கும் குறைவு. 1934 - 35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்த இதே நாட்டை, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. "அந்தக் காலம் நல்ல காலம்" என்று சொல்பவர்கள் அந்தக் காலத்தில் தப்பிப் பிழைத்தவர்கள். தப்பாதவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

நம்மைப் பற்றிய பிழை

இதே பிழை நம் பக்கமும் திரும்புகிறது. 2016இல் இப்சோஸ் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், பிரான்ஸ் மக்கள் தம் நாட்டில் நூற்றுக்கு 31 பேர் முஸ்லிம்கள் என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் சுமார் 7.5 பேர்தான். செய்தியில் அடிக்கடி பார்ப்பவரை ஊரிலும் அதிகமாக இருப்பவராக மனம் எண்ணிவிடுகிறது.

நம் நாட்டிலும் "முஸ்லிம்கள் பெருகி நாட்டைப் பிடிக்கப் போகிறார்கள்" என்ற பயம் பல வருடங்களாக ஊட்டப்பட்டது. குடிசன மதிப்பீட்டைப் பாருங்கள். 1981இல் முஸ்லிம்கள் 7.6 வீதம், 2012இல் 9.7 வீதம். கூடியிருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே 31 வருடங்களில் சிங்கள மக்களின் விகிதம் சுமார் 74இலிருந்து சுமார் 75 ஆகியிருந்தது, குறையவில்லை. யுத்தத்தாலும் புலம்பெயர்வாலும் குறைந்தது தமிழ் மக்களின் விகிதமே. இந்தக் கணக்கு எவருக்கும் திறந்தே கிடந்தது. இருந்தும் 2018 பெப்ரவரியில் அம்பாறைச் சாப்பாட்டுக் கடையொன்றில் கறிக்குள் கிடந்த மாவுக்கட்டி "மலட்டு மாத்திரை" ஆகியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாப்பொருள் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு அறிவித்தார். உடைந்தவை அதற்கு முன்பே உடைந்துவிட்டன.

கணக்கு ஆறுதல் மருந்தல்ல

"அப்படியென்றால் எல்லாம் நல்லாத்தான் இருக்குதா?" என்று கேட்கக்கூடாது. 1990இல் ஐந்து வயதுக்குள் இறந்த பிள்ளைகள் 12 மில்லியனுக்கு மேல். 2022இல் 4.9 மில்லியன். பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. ஆனாலும் நாளொன்றுக்கு 13,000க்கு மேற்பட்ட ஜனாஸாக்கள். முன்னைவிட நல்லது, இன்னும் மோசமானது என்ற இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். உலகச் சராசரி இறங்கும்போது ஒரு நாடு ஏறவும் கூடும். உலக வங்கியின் மதிப்பீட்டில் இலங்கையின் வறுமை 2021இல் சுமார் 13 வீதமாக இருந்து, 2022இல் 25 வீதமாகியது. அரிசி வாங்க வழியில்லாத வீட்டுக்கு உலகச் சராசரியைச் சொல்லி ஆறுதல் கூறுவது அநியாயம். எல்லாம் நாசம் என்று நம்புபவரும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புபவரும் கடைசியில் ஒன்றும் செய்யாமல்தான் இருப்பார்கள்.

ஆகவே வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தால் மூன்று கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொள்வோம். இது எத்தனையில் ஒன்று? முன்னர் எவ்வளவு இருந்தது? கணக்கெடுத்தது யார்? விடை கிடைக்காவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாமல் விடலாம். பிறர் நம்மை எண்ணும்போது சரியாக எண்ணவேண்டும் என்று கேட்கிறோம். அயலூரைப் பற்றியும் அடுத்த சமூகத்தைப் பற்றியும் நாம் பேசும்போது அதே நீதியைக் கடைப்பிடிக்கிறோமா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.