ஜெர்மனியின் வட்டாரக் கால்பந்துப் பயிற்சி மையங்கள்

2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைக்கு நடப்புச் சாம்பியனாகச் சென்ற ஜெர்மனி, ருமேனியாவுடன் 1-1 என்று சமன் செய்தது. பிறகு இங்கிலாந்திடம் 0-1, போர்ச்சுகலிடம் 0-3 என்று தோற்று, ஒரே ஒரு புள்ளியுடன் தன் பிரிவில் கடைசி இடம் பிடித்தது. அந்த அணியில் லோத்தர் மத்தேயஸ் 39 வயதில் ஆடினார். அவ்வளவு பெரிய கால்பந்து நாட்டில் அவருடைய இடத்துக்கு ஏன் ஓர் இளைஞர் கிடைக்கவில்லை என்ற கேள்வி எழுந்தது.

இதற்கான பதிலை டீட்ரிஷ் வைஸ என்ற பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்தார். 1981இல் ஜெர்மன் இளையோர் அணியை உலகச் சாம்பியனாக்கியவர் அவர். திறமையான சிறுவர்கள் இருக்கிறார்கள், ஆனால் யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை என்பது 1990களின் இறுதியில் அவர் கண்டது. பெரிய கிளப்புகள் நகரங்களில் இருந்தன. கிராமத்துக் கிளப்பில் ஆடும் சிறுவனிடம் எந்தத் தேர்வாளரும் போகவில்லை. மிரோஸ்லாவ் க்ளோஸ 20 வயதுவரை ஏழாம் நிலைப் போட்டிகளில் ஊர்க் கிளப்புக்காக ஆடியவர், தச்சுத் தொழில் கற்றவர். பின்னாளில் உலகக் கோப்பைகளில் 16 கோல்கள் அடித்துச் சாதனை படைத்தார். அவர் தப்பித்து மேலே வந்துவிட்டார். அப்படி வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

இரண்டு ஏற்பாடுகள்

ஜெர்மன் கால்பந்து சங்கம் இரண்டு வழிகளில் இறங்கியது. முதலாவது, தொழில்முறை கிளப்புகள் ஒவ்வொன்றும் இளையோர் அகாடமி நடத்தினால்தான் உரிமம் என்ற விதி. இது முதலில் முதல் பிரிவின் 18 கிளப்புகளுக்கும், அடுத்து இரண்டாம் பிரிவுக்கும் வந்தது. இரண்டாவது, 2002இல் தொடங்கிய வட்டார மையங்கள். தொடக்கத்தில் நாடெங்கும் சுமார் 390 மையங்கள் அமைந்தன. பின்னர் எண்ணிக்கை 366 ஆனது. 21 மாநிலச் சங்கங்களின் வழியாக இவை நடத்தப்பட்டன.

வட்டார மையம் என்றதும் விடுதியும் நீச்சல் குளமும் கொண்ட வளாகத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலும் அது உள்ளூர்க் கிளப்பின் மைதானம்தான். ஏறத்தாழ 11 முதல் 14 வயதுவரையுள்ள சிறுவர் சிறுமியர் வாரத்தில் ஒரு மாலை, பொதுவாகத் திங்கட்கிழமை, அங்கே வந்து பயிற்சி பெறுவார்கள். கட்டணம் கிடையாது. மற்ற நாட்களில் சொந்தக் கிளப்பில் பயிற்சி. வார இறுதியில் அதே கிளப்புக்காக ஆட்டம். மையம் தனக்கென்று எந்த அணியையும் லீக்கில் இறக்குவதில்லை என்பதால், ஊர்க் கிளப் தன் நல்ல ஆட்டக்காரரை இழந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

மையத்தில் நடப்பது தனித்திறன் பயிற்சி. பந்தைக் கட்டுப்படுத்துதல், இரண்டு கால்களாலும் ஆடுதல், ஒருவருக்கு எதிராக ஒருவர் மோதுதல், நெருக்கடியில் முடிவெடுத்தல் ஆகியவை அதில் அடங்கும். கிளப்பின் பயிற்சியாளருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வெல்ல வேண்டிய கட்டாயம் உண்டு. இங்கே அது இல்லை. சுமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேரப் பயிற்சியாளர்களை முழுநேர ஒருங்கிணைப்பாளர்கள் வழிநடத்தினர். அவர்கள் சுற்றுவட்டாரக் கிளப்புகளின் பயிற்சியாளர்களையும் அழைத்து, செயல்முறைப் பயிற்சி வகுப்புகள் நடத்தினர். திட்டத்தின் மிகப் பயனுள்ள பகுதி இதுவாகவே இருக்கலாம், ஏனெனில் மையத்துக்குத் தேர்வாகாத குழந்தைக்கும் இதன் பலன் போய்ச் சேர்ந்தது.

வெற்றியும் அதன் கணக்கும்

2009இல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனி இங்கிலாந்தை 4-0 என வென்றது. நொயர், ஹும்மல்ஸ், கெதிரா, ஓசில் போன்றோர் அந்த அணியில் இருந்தனர். 2014இல் உலகக் கோப்பையும் கிடைத்தது. இதையெல்லாம் வட்டார மையங்களின் சாதனையாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் 1986இல் பிறந்த நொயருக்கு 2002இல் 16 வயது. மையங்களின் வயது வரம்பை அவர் தாண்டியிருந்தார். 1992இல் பிறந்து, 2014 இறுதியாட்டத்தில் கோல் அடித்த கோட்சவோ சிறுவயதிலேயே டார்ட்மண்ட் கிளப்பில் சேர்ந்துவிட்டவர். ஆகவே பெருமையின் பெரும்பங்கு அகாடமிகளுக்குச் சேரும். நட்சத்திரங்களை உருவாக்குவதைவிட, தேடலின் வலையை நாடு முழுவதும் விரித்ததே மையங்களின் பணி.

பதினொரு வயதில் தேர்வு

வலையை விரித்தாலும், எந்த மீனை எடுப்பது என்ற சிக்கல் தீரவில்லை. ஜெர்மனியில் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பதினொரு வயதில் ஏறக்குறைய ஓர் ஆண்டு வளர்ச்சி என்பது பெரிய வித்தியாசம். பருவமடைதலின் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பல நாடுகளைப் போலவே ஜெர்மனியிலும் இளையோர் தேர்வு அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே கூடுதலாக இருக்கின்றனர். உயரமும் வேகமும் திறமையாகத் தோன்றிவிடுகின்றன.

மையங்களில் ஓட்டம், பந்துடன் திரும்புதல், உதைத்தல் ஆகியவற்றை அளக்கும் தேர்வுகள் ஆண்டுக்கு இரண்டு முறை நடந்தன. ஒரு கூட்டத்தின் சராசரியைப் பற்றி இவை ஏதோ சொல்லும். ஆனால் எதிரில் நிற்கும் ஒரு சிறுவன் இருபது வயதில் என்னவாக இருப்பான் என்பதை இவற்றால் சொல்ல முடியாது. மார்கோ ராய்ஸ் உடல் மெலிந்தவர் என்பதால் டார்ட்மண்டின் இளையோர் அணியில் எதிர்காலம் இன்றி, 2006இல் ஆலன் நகரின் சிறிய கிளப்புக்குப் போனார். 2012இல் அதே டார்ட்மண்ட் பெரும் தொகை கொடுத்து அவரைத் திரும்ப வாங்கியது. பெல்ஜியம் இந்தப் பிரச்சினைக்காகத் தாமதமாக வளரும் சிறுவர்களுக்கென்றே தனி இளையோர் தேசிய அணிகளை வைத்திருக்கிறது.

2018, 2022 உலகக் கோப்பைகளில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியதும் விவாதம் மீண்டும் சூடுபிடித்தது. 2024-25 பருவத்தில் சிறுவர் கால்பந்தின் விதிகளே மாறின. சிறிய களம், சிறிய கோல் கம்பங்கள், அணிக்குச் சில பேர் மட்டும் என்று ஆடுவதால், குட்டையான பிள்ளைக்கும் பந்து அடிக்கடி காலில் படுகிறது.

அகாடமி விடுதிக்குப் போகும் சிறுவன் வீட்டையும் பள்ளியையும் நண்பர்களையும் விட்டுப் போகிறான். பதினாறு வயதில் கழற்றிவிடப்பட்டால் அவன் இழப்பது கால்பந்தை மட்டுமல்ல. வட்டார மையத்தில் நீக்கப்படுபவனோ அடுத்த வாரமும் தன் ஊர்க் கிளப்பில்தான் ஆடுகிறான். அதற்குள் அவன் வளர்ந்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே தேர்வாளர் அதே மைதானத்தில் அவனை மறுபடி பார்க்க முடியும்.