உங்களுக்குத் தெரியுமா? கொடைக்கானல் அலையில் வந்த ஜீனோ

கேபிள் வருமுன் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் டிவி என்றால் கொடைக்கானல் மலையிலிருந்து வந்த தூர்தர்ஷன்தான். மொட்டை மாடியில் கம்பம் நட்டு, ஆன்டெனாவை வடமேற்கே திருப்பி, "தெரியுதா?" என்று கீழே கத்த வேண்டும்.

அந்தத் தூர்தர்ஷனில்தான் எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தது. முதலில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்த அறிவியல் புனைவு அது. கதைக் காலம் 2020-களின் தொடக்கம். ஜீவா என்பவரின் ஆட்சி. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும், பெயர்கூட இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. காணாமல்போன கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணை ஜீனோ என்ற ரோபாட் நாய். புத்தகம் படிக்கும், எதிர்க்கேள்வி கேட்கும். கதையில் அதிகம் யோசிப்பதும் (நம்மைக் கேட்டால், நன்றாகப் பேசுவதும்) அதுதான். அடுத்த நாவல் அதன் பெயரிலேயே வந்தது: 'மீண்டும் ஜீனோ'.

சுஜாதா 2008-இல் காலமானார். ஜீனோவின் ரசிகர்கள் இன்னும் கலையவில்லை. கதைக் காலம் நிஜத்தில் வந்தபோது எது பலித்தது, எது பொய்த்தது என்று இணையத்தில் கணக்குப் பார்த்தார்கள். சுஜாதாவின் கைபட்ட இன்னொரு இயந்திரம் கரிசல் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.